பாய் மீனைத் தின்றது யார்

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் கதைக்கிற பழக்கம் கிடையாது. கைக்கு அகப்பட்டதை எடுப்போம். அப்பா இருந்தவரை துடுப்பை எடுப்பார், அண்ணை தான் இருந்த கதிரையை எடுப்பார், நான் சட்டியை எடுப்பேன். இப்படிப்பட்ட இரண்டு பேர் கூட்டாக அரசாங்கத்திடம் ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பம் போட்டால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

பருத்தித்துறையில் எனக்கும் அண்ணைக்கும் ஒரு கருவாட்டுத் தொழில். அண்ணை கடலுக்குப் போவார். மீனை வெட்டி, உப்பிட்டு, காயவைத்து விற்பது நான். மாரி பிறந்தால் வெயில் போய்விடும், கருவாடு காயாது, பாதி மீன் புழுத்துப் போகும். அதற்காகத்தான் தகரம், கண்ணாடி, ஒரு பழைய காற்றாடி, அடியில் ஒரு கரிச்சட்டி எல்லாவற்றையும் பொருத்தி ஒரு உலர்த்தும் பெட்டி செய்தேன். பெட்டி வேலை செய்தது. சின்னத் தொழில்காரர் ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் நிதி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. நிதி கிடைத்தால் பெரிய பெட்டி செய்யலாம், மாரியிலும் வீட்டில் அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் அண்ணை வள்ளத்தை விற்பதென்று இருந்தார். அப்பா விட்டுப்போன ஒரே வள்ளம் அது.

விண்ணப்பம் எழுதப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் உதவினார். பொறுமையான பெண். தொழிலுக்குள்ள பெரிய ஆபத்து எது என்று ஒரு கேள்வி இருந்தது. அண்ணை என்று எழுதத்தான் கை போனது. மழை என்று எழுதினேன்.

"அக்கா, பெட்டி நல்லதெண்டு நீங்கள் சொன்னால் காணாது," என்றார் அவர். "ஒரே மீனை ரெண்டாப் பிரிச்சு, பாதியைப் பெட்டியிலையும் பாதியை வழமை போலப் பாயிலையும் போடுங்கோ. பாய் மீனிலை ஆரும் கை வைக்கக் கூடாது. பழுதாப் போனாலும் போகட்டும். அது பழுதாப் போறதுதான் எங்களுக்கு ஆதாரம்."

நல்ல கதை! கரைக்கு வந்த மீன் கண்முன்னே அழுகினால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்காது. முதல் முறை நான் சந்தைக்குப் போன நேரத்தில், அண்ணை பாய் மீனுக்கு இன்னொரு பிடி உப்புப் போட்டு, பிரட்டி, அடுப்படிக்கு இழுத்து வைத்துவிட்டார். வந்து பார்த்தால் பாய் மீன் பெட்டி மீனைவிட அழகாகக் காய்ந்து கிடந்தது. என் ஆராய்ச்சி நாசமாய்ப் போயிற்று.

"ஆரைக் கேட்டுத் தொட்டனீங்கள்?" என்று கத்தினேன்.

"மீன் நாறுது. பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

சட்டி பறந்தது. அவர் குனிந்தார், சட்டி சுவரில் பட்டுச் சிதறியது. அவர் கதிரையைத் தூக்கி முற்றத்தில் அடித்து முறித்தார். அயலுக்கு எங்கள் வீட்டுச் சத்தம் பழகிப்போனது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை பெட்டியையும் பாயையும் முற்றத்துக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். விண்ணப்பம் முடியும் திகதி நெருங்கிவிட்டது. இது பிழைத்தால் இன்னொரு தடவை செய்ய நேரமில்லை. அந்தக் கிழமை ஏழு நாளும் அடைமழை, கடல் கொந்தளிப்பு. ஒரு வள்ளமும் இறங்கவில்லை, ஊரில் கறிக்கு மீனில்லை. கொட்டிலுக்குள் பெட்டி மீன் காய்ந்து கிடக்க, பாய் மீன் புழுத்து நெளிந்தது. நாற்றம் ஒழுங்கை தாண்டித் தெரு முழுக்கப் பரவியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் புழுக்களைக் கண்டு சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் அண்ணை கோடாலியோடு வந்தார். பூட்டு ஒரே அடியில் போனது.

"ஊர் மீனில்லாமல் கிடக்குது, நீ பூட்டி வச்சு அழுக விடுறியோ? கடல் இனி எங்களுக்கு என்னடி தரும்?"

கோடாலி பெட்டியின் பக்கம் திரும்பியது. நான் குறுக்கே போய் நின்றேன். "பெட்டியிலை நீ கை வச்சியெண்டால் கையை வெட்டுவன்!" அதுவரை அண்ணையை நான் நீ என்றதில்லை. கொட்டிலில் கிடந்த மீன் வெட்டும் கத்தி அதற்குள் என் கைக்கு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கோடாலியைக் கீழே போட்டார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்தக் கணத்தில் என் தலைமயிரைப் பிடித்து, பாயிலிருந்து ஒரு மீனை அள்ளி என் வாய்க்குள் திணித்தார்.

"தின்னடி! நீதானே அழுக விட்டனி, நீயே தின்!"

அவருடைய விரல் மூட்டு பட்டு என் முன்பல் ஒன்று உடைந்தது. அந்த விரலைக் கடித்தேன், விடவில்லை. உப்பு, புழு, இரத்தம் எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்குள் இறங்கின. அவர் மற்றக் கையால் அறைந்தார். நான் கத்திப் பிடியால் அவருடைய நெற்றியில் குத்தினேன். கடைசியில் இரண்டு பேரும் முற்றத்துச் சேற்றில் விழுந்து கிடந்து மூச்சு வாங்கினோம். பெட்டி தப்பிவிட்டது. வாயைக் கழுவிவிட்டு, அன்று பின்னேரமே விண்ணப்பத்தை அனுப்பினேன்.

கூட்டுக்காரர் இருவரும் நேர்முகத்துக்கு வரவேண்டும் என்று யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். அண்ணையின் விரலில் இன்னும் கட்டு இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் இருந்த அதிகாரி அம்மா படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாய் மீன் தின்ன ஏலாதெண்டு எப்பிடி முடிவெடுத்தனீங்கள்? ஆராவது ருசி பாத்தவையோ?"

"நான் பாத்தனான்," என்றேன்.

"விரும்பித்தானே? ஆராய்ச்சியிலை ஒருத்தரையும் வற்புறுத்தக் கூடாது."

உண்மையைச் சொன்னால் வள்ளம் போய்விடும். பொய் சொல்ல வாயெடுத்தால் நாக்கு அந்த உடைந்த பல்லில் போய் முட்டியது. அதற்குள் அண்ணை முந்திக்கொண்டார்.

"நான்தான் தீத்தினனான்."

குழந்தைக்குச் சோறூட்டுவதைத்தான் எங்கள் பக்கம் தீத்துவது என்போம். எல்லோரும் சிரித்தார்கள். "நல்ல அண்ணை," என்றார் அந்த அம்மா. அந்த மேசையைத் தூக்கி எறியவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. வள்ளத்தை நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

பிறகு கடிதம் வந்தது. நிதி உண்டு. ஆனால் காசு தர முன்னர், ஒரு அதிகாரியின் கண்முன்னே ஒப்பீட்டை இன்னொரு தடவை செய்யவேண்டும், நேர்முகத்தில் சொன்னபடியே, எதையும் விடாமல். அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். கோணலாக ஆறிப்போன விரலைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தமுறை பாய் மீனை ஆர் தின்னுறது?" என்றார்.

வெட்டுவதற்கு மீன் காத்துக் கிடந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

"நீ," என்றேன்.