பெயர் மாற்றிய கோப்பு

கிரேன்காரர் வீடியோ விளையாட்டு டிஸ்க்கை மடியில் வைத்து, வேலை செய்யும் ஒரே கையால் சட்டை நுனியைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் இடக்கை சுருண்டுபோனவர். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவரை ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் கேட்பாரா? டிவியில் ஆடும் லாரி விளையாட்டுதான் அவருக்குப் பயிற்சி. ஏழு மாதத்தில் இரண்டு விரல்கள் நிமிர்ந்திருந்தன. அவரைக் கவனித்துக்கொள்ள வந்த நான்தான் அளந்து குறித்தேன்.

டிவியோடு இணைத்து அதை ஓட்டும் விளையாட்டுப் பெட்டி கெட்டுப்போனதும் அவர் தங்கை வேறொன்று வாங்கி வந்தாள். ஏழு மாத ஆட்டமும் பென்டிரைவில் நகலாக இருந்தது. புதுப் பெட்டியில் அது தெரியவே இல்லை.

"இவதான் அழிச்சிருப்பா. எப்பப் பாத்தாலும் தூக்கிப் போடுன்னு சொன்னவதானே!" என்று தங்கையைக் காட்டினார் கிரேன்காரர்.

"ஆமாண்ணே, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க." சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கையால் மாத்திரைகூட வாங்க மறுத்தார். பயிற்சியும் நின்றது. நான்காம் நாள் விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கின. எனக்கும் அவள்மேல்தான் சந்தேகம்.

மருந்து கொடுக்குமுன் அட்டையை மூன்று முறை படிப்பது என் தொழில் பழக்கம். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். பழைய பெட்டியின் அடியில், உலகின் எந்தப் பகுதியில் விற்கச் செய்தது என்று காட்டும் பகுதி எண் 1. புதியதில் 2. பழைய டிஸ்க் ஓடாததால் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த டிஸ்க்கிலும் 2. எண் 1 பெட்டியில் சேமித்த ஆட்டத்தை எண் 2 பெட்டி அடையாளம் காணாது.

அது மட்டுமா? பென்டிரைவைக் கணினியில் செருகினேன். கோப்பு இருந்தது. ஆனால் நகல் எடுத்த அன்று என் நோட்டில் எழுதிய பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் இதில் வேறாக இருந்தன.

"யாரும்மா மாத்துனது?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"நான்தான்கா. புதுப் பெட்டில இருக்கிற ஃபைல் மாதிரி எழுதினா திறக்கும்னு நெனச்சேன். மாத்தியும் வரல. சொன்னா அண்ணன் கொன்னுடுவார்னு வாயத் திறக்கல."

"பாட்டில்ல வேற லேபிள் ஒட்டினா உள்ள இருக்கிற மருந்து மாறிடுமா?"

"பாத்தீங்களா, கை வெச்சிருக்கா!" என்றார் கிரேன்காரர்.

"கை வெச்சா. அழிக்கல. ரெண்டும் ஒண்ணில்ல."

மறுநாள் காலை கடை திறக்கும்போதே நானும் தங்கையும் வாசலில் நின்றோம். "எல்லாம் ஒரே மாடல்தாம்மா" என்றார் கடைக்காரர். பெட்டியைக் கவிழ்த்து எண்ணைக் காட்டினேன். உள்ளே போய் எண் 1 பெட்டியை எடுத்து வந்து மாற்றிக் கொடுத்தார். வீட்டில் கோப்பின் பெயரைப் பழையபடி திருத்தி, பழைய டிஸ்க்கைப் போட்டேன். விட்ட இடத்திலேயே லாரி நின்றது.

தங்கை மாத்திரையை நீட்டினாள். கிரேன்காரர் அட்டையைப் பிடுங்கி மூன்று முறை படித்துவிட்டு விழுங்கினார்.