வள்ளிக்குத் துணையாக

எண்பதுகளில் போடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மதுரையில் சனிக்கிழமைதோறும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடக்கப்போகிறது, ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். "ஒரு ஏலக்காய்க்குள்ள எத்தனை விதை இருக்கும்?" என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். ஆளுக்கொரு எண் சொன்னார்கள். வள்ளி மட்டும், "எந்தக் காயில டீச்சர்?" என்றாள். அவளையே தேர்ந்தெடுத்தேன்.

மலையில் காய் பறிக்கப் போகிற அவள் அம்மா தயங்கினாள். "பொட்டப்பிள்ளைய எப்படித் தனியா விடுறது? நீங்க கூடப் போறதா இருந்தா அனுப்புறேன் டீச்சர்."

சரி என்று சொல்லும்போதே எனக்கு வயிறு எரிந்தது. அவள் வயதில் என்னையும் இப்படித் தேர்ந்தெடுத்தார்கள். துணைக்கு ஆள் இல்லை என்று அப்பா அனுப்பவில்லை.

ரயிலில் வள்ளி ஜன்னலோரம் கேட்டாள். நான் நகரவில்லை.

மதுரையில் அவள் உள்ளே போக, நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நின்று சிரிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

வகுப்பு முடிந்ததும் வள்ளி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வெரசா வாங்க டீச்சர். சார்ட்ட கேட்டுட்டேன். நீங்களும் பாக்கலாமாம்."

ஏலக்காய் விதையைக் கீறி வைத்திருந்தார்கள். குனிந்தேன். கண் கலங்கியிருந்ததால் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது.

"தெரியுதா டீச்சர்?"

"தெரியுது."

திரும்பும்போது ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டேன். பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த சனிக்கிழமைக்காக அவளைவிட நான்தான் அதிகம் காத்திருந்தேன்.