சூறைக்கோளில் சில வாரங்கள்

சிறுவர் பக்கத்துக்கு எழுதுகிறவர்களுக்கு வாசகர்கள் இரண்டு வகை: கதையைப் படிக்கிற பிள்ளைகள், அதைப் பிடுங்கிப் படித்துவிட்டு நம்மைத் தேடி வருகிற பெரியவர்கள். இதில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் கோவை வார இதழ் ஒன்றில் சிறுவர் பக்கம் என் பொறுப்பு. அதில் ஒரு விண்வெளித் தொடர்கதை. நல்ல அரசி, வீரக் காவலர்கள், பளபளக்கும் கப்பல்கள். பிள்ளைகள் கொண்டாடினார்கள், எனக்குத்தான் அலுத்துவிட்டது. ஒரு வாரம் கதையை அந்த வானத்தின் இருட்டு மூலைக்குத் திருப்பினேன். அங்கே சூறைக்கோள் என்று ஒரு கோள். அரசியின் ஆணை அங்கே செல்லாது. தலைக்கு விலை வாங்கி ஆள் பிடிக்கிறவர்களும், நிறுத்தி வைத்த கப்பலைப் பிரித்து விற்கிறவர்களும் குடியிருக்கும் இடம். கதாநாயகி வல்லி, ஓட்டைக் கப்பலில் கள்ளச்சரக்கு ஏற்றுகிறவள்.

பறந்த பட்டறை

படம் போட்டவர் கோவையின் கணபதிப் பகுதியில் குடியிருந்த ஓவியர் தண்டபாணி. அரசியின் அரண்மனை என்றால் நாள் கணக்கில் இழுத்தடிப்பார். வல்லியின் கப்பலை மறுநாளே கொண்டுவந்துவிட்டார். உள்ளே மோட்டார், பெல்ட், எண்ணெய் டின், மூலையில் இரும்புச் சீவல் குவியல். அவர் வீட்டை ஒட்டிய லேத் பட்டறை அப்படியே வானத்தில் பறந்தது. எப்படி இத்தனை வேகம் என்று கேட்டேன்.

"நல்லவங்க ஊடெல்லாம் தொடச்சு வெச்சாப்பல இருக்குதுங்க, வரையறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. திருட்டுப்பசங்க ஊட்லதானுங்க சாமான் கெடக்குது!"

மரியாதைக் கொள்ளை

துடியலூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் தன் அப்பாவோடு அலுவலகத்துக்கு வந்தாள். கதை நல்லா இருக்குதுங்க என்றாள். ஆனாலும் ஒரு குறை என்றாள். சூறைக்கோளில் கப்பலை மறித்த கொள்ளைக்காரன், "ஏனுங்க, கோவிச்சுக்காம சாவியக் குடுத்துருங்க" என்று கேட்டிருந்தான். நான் தெருவில் கேட்டுப் பழகிய பேச்சு. கை தானாக எழுதிவிட்டது. அவள் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எங்க கணக்கு மிஸ்ஸே எங்ககிட்ட இத்தன மரியாதையாப் பேசமாட்டாங்க!"

கெடு

சூறைக்கோளின் சந்தையை அந்தியூர்க் குதிரைச் சந்தையிலிருந்து எடுத்தேன். அங்கே விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இருவர் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். வல்லியும் அப்படித்தான் சரக்கு விற்றாள். விளைவு, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கைக்குட்டைக்கு அடியில் தபால்தலை விற்கத் தொடங்கினார்கள். ஒரு தலைமையாசிரியை நேராக எங்கள் முதலாளியிடம் வந்து, பிள்ளைகளைக் கடத்தல்காரர்கள் ஆக்குகிறோம் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே எங்கள் இதழின் ஆசிரியர் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அந்தத் திருட்டுக் கூட்டத்த ரெண்டு வாரத்துல முடிச்சுப்போடுங்க. இல்லீன்னா உங்க பக்கமே இருக்காது, சினிமாப் படம் போட்டுருவோம்னு முதலாளி சொல்றாருங்க."

அந்தியூர்க்காரர்

பக்கம் போனால் எனக்கு வேலை இல்லை. எனவே வல்லியைக் கெட்டவளாக்கினேன். துண்டுக்குள் பேசி முடித்த விலையை, சொல்லவே இல்லை என்று அவள் மறுத்தாள். அடுத்த வாரம் காவலர்கள் பிடித்துவிடுவார்கள், கதை முடிந்துவிடும்.

இதழ் வந்த இரண்டாம் நாள், அந்தியூரிலிருந்து ஒரு குதிரைத் தரகர் பஸ் ஏறி வந்துவிட்டார். மகளுக்காக வாங்குகிற இதழை அவரே முதலில் படிப்பாராம்.

"ஏனுங்க, வல்லி கதை எழுதறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அந்த அம்மணி கள்ளச்சரக்கு ஏத்தட்டும், ஆள அடிக்கட்டும். அது அவ பொழப்புங்க. துண்டுக்குள்ள சொன்ன வெலைய இல்லீங்கறதா? ரசீது இல்லாத எடத்துல அது ஒண்ணுதானுங்க இருக்குது. எந்தத் திருடனும் அதச் செய்யமாட்டானுங்க!"

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். காடு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, மாடு வாங்கி விற்ற குடும்பம் அவருடையது.

"அந்தக் கதை அடுத்த வாரத்தோட முடியுதுங்க, உடுங்க."

தரகர் தன் தோளில் கிடந்த துண்டை உதறிக் கைமேல் போட்டு நீட்டினார். "எத்தன வாரம்னு பேசிக்கலாம், வாங்க."

முதலாளி சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு அவர் கை தானாகத் துண்டுக்குள் போனது. படம் கொடுக்க வந்திருந்த தண்டபாணி வாயைத் திறந்தபடி நின்றார். முதலாளி, "கட்டுபடியாகாதுங்க" என்று தலையை ஆட்டினார். தரகர், "கட்டும், கட்டும்" என்று கையை இழுத்தார். துண்டு இப்படியும் அப்படியும் துடித்தது. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துக் கையை எடுத்தார்கள்.

வல்லி பேசிய விலைக்கே சரக்கைக் கொடுத்துவிடுவாள் என்று தரகருக்கு வாக்குக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். முதலாளியிடம் தயங்கித் தயங்கி, எத்தனை வாரம் முடிவாச்சுங்க என்று கேட்டேன்.

"துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்லக்கூடாதுங்க. நீங்க பாட்டுக்கு எழுதிட்டே இருங்க, முடியறப்ப நானே சொல்றேன்."

அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அரசியும் காவலரும் ஆண்ட கோளைவிட, கேட்பாரில்லாத அந்தத் திருட்டுக் கோளில்தான் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது.