ஆறு பேருக்கும் ஒரே வீடு

அன்று காலை நடந்தவை, வரிசையாக:

1. பத்து மணிக்கு எங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையின் டிரெயினிங் ஹாலில் ஆங்கில ஸ்பீக்கிங் தேர்வுக்கான ஒத்திகை தொடங்கியது. தேர்வாளராகச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார்.

2. முதலில் போனவள் எலக்ட்ரிக்கல் பிரிவின் எலிசபெத். தன் வீடு விசாலமான இரண்டு மாடித் தனி வீடு, பால்கனியில் நின்றால் தோட்டம் தெரியும், கூடத்தில் குளிர்காய ஃபயர்பிளேஸ் உண்டு என்று தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

3. இரண்டாவதாகப் போனவரின் வீடும் விசாலமான இரண்டு மாடித் தனி வீடு. பால்கனி, தோட்டம், ஃபயர்பிளேஸ்.

4. மூன்றாமவருக்கும் அப்படியே.

5. நான்காவதாகப் போனவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் தேசப்பன் அண்ணன். அவர் ஃபயர்பிளேஸ் வரை வந்ததும், அதை அடிக்கடி பயன்படுத்துவீர்களா என்று தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். "எஸ் மேடம். டெய்லி. ஹாட் வாட்டர் ஃபார் பாத்" என்றார் அண்ணன்.

6. தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மிச்சம் ரெண்டு பேருக்கும் இதே வீடுதானா?"

"ஆமாம் மேடம்."

"அப்போ காலையில பாத்ரூமுக்கு க்யூவுல நிக்கணுமே!"

அந்த வீட்டைக் கட்டியவள் நான்தான். எப்படிக் கட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. கடம்பத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். ஆறு வருடமாக க்யூ.சி.யில், அதாவது தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குழுமத்துக்கு வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலை உண்டு. இங்கிருந்து ஆறு பேரை இரண்டு வருடத்துக்கு அங்கே அனுப்புவதாக முடிவானது. விசாவுக்கு ஸ்பீக்கிங் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் வேண்டும். நான் முன்பே அந்தத் தேர்வை எழுதித் தேறியிருந்தேன். மேனேஜர், "உனக்குத்தான் லிஸ்ட் போட வருமே, நீயே கிளாஸ் எடு" என்று சொல்லிவிட்டார்.

லிஸ்ட் போட்டேன். வீடு பற்றி எல்லோரிடமும் கேட்பார்கள் என்பதால் அதிலிருந்து ஆரம்பித்தேன். நாற்பது சொற்கள். ஸ்பேஷியஸ், கோஸி, டிடாச்ட், ஃபர்னிஷ்ட், ஃபயர்பிளேஸ். எல்லாவற்றையும் கோத்து ஒரு பதிலும் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவில் மாஸ்டர் சாம்பிள் என்று ஒன்று இருக்கும். குறையில்லாத ஒரு பீஸ். லைனில் வரும் ஒவ்வொரு பீஸையும் அதோடு ஒப்பிடுவோம். அச்சு அசலாக இருந்தால் பாஸ். ஆறு வருடப் பழக்கம் என்னை இங்கேயும் அதையே செய்ய வைத்தது. ஆறு பேரும் என் மாஸ்டர் சாம்பிளைப் போல அச்சாக வந்தார்கள். ஆறு பேரும் ரிஜெக்ட்.

தேர்வாளர் போகும்போது சொன்னார்: "மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்மா. அடுத்த கேள்வியிலேயே விழுந்துடுவாங்க."

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. மற்ற ஐந்து பேரும் தவறினால் மறுபடி முயலலாம். தேசப்பன் அண்ணனால் முடியாது. அடுத்த பேட்ச் போவதற்குள் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் அவருடைய ஒரே வாய்ப்பு. அதில்தான் நான் ஃபயர்பிளேஸ் வைத்துக் கட்டியிருந்தேன்.

ஊட்டுக்கு ரிப்போர்ட்

மறுநாள் வகுப்பில் நாற்பது சொற்களையும் ஓரம் வைக்கச் சொன்னேன். "அண்ணா, உங்க வீட்டைப் பத்தியே சொல்லுங்க."

தேசப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். அவர் பழவேற்காடு ஏரிக்கரைக்காரர். அவருடைய அப்பா வரை மீன்பிடித் தொழில்.

"எங்க ஊட்ட பத்தி சொல்றதுக்கு இன்னா மேடம் கீது? ஏரியாண்ட கவர்மென்ட்டு கட்டிக் குட்த்த தொகுப்பு ஊடு. அத்தப் போயி இங்கிலீஷ்ல வேற சொல்லி மானத்த வாங்கணுமா?"

"நேத்து ஃபயர்பிளேஸ்ல வெந்நீர் வெச்சியே அண்ணா, அப்போ போவாத மானமா?" என்றாள் எலிசபெத்.

"நீ சும்மா இரு பாப்பா. பால்கனில நின்னுக்கினு தோட்டத்த பாத்தவதான நீ. வள்ளூர்ல உங்க ஊட்டு மாடில நின்னா பவர் பிளான்ட் சிம்னிதான் தெரியும்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆனால் யாரும் பேசத் தொடங்கவில்லை. அலமாரியில் நாங்கள் தினமும் நிரப்பும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தாள்கள் இருந்தன. ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். "உங்க வீட்டை ஒரு மெஷின்னு நெனச்சுக்குங்க. என்ன குறை, என்ன செஞ்சீங்க, இப்ப எப்படி இருக்கு. அவ்வளவுதான்."

"ஊட்டுக்கு ரிப்போர்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் ஸ்கேலை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் எழுந்து நின்றார்.

"மழக்காலத்துல ஏரித் தண்ணி உள்ள வந்துடும் மேடம். அதால ஃப்ளோர் லெவல ரெண்டு தபா ரெய்ஸ் பண்ட்டேன். இப்போ சீலிங் கிளியரன்ஸ் இல்ல. ஃபேன் பிளேடு தலைல இடிக்கும்னு அத்த கழட்டி வால்ல மவுன்ட் பண்ட்டேன். கதவ அடில கட் பண்ட்டேன். மேல லின்டல் அப்டியே கீது. குனிஞ்சிக்கினுதான் உள்ள போவணும்."

"எல்லாருமா குனியணும்?"

"நானும் எங்க மாமனாரும். என் ஊட்டுக்காரி குள்ளம். அதுக்கு இதுல கம்ப்ளெயின்ட்டே இல்ல."

அவர் பேசப் பேச நான் போர்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஃப்ளோர், லெவல், ரெய்ஸ், சீலிங், கிளியரன்ஸ், ஃபேன், பிளேடு, வால், மவுன்ட், கட், லின்டல். கம்ப்ளெயின்ட்டையும் சேர்த்தால் பன்னிரண்டு. வீட்டைப் பற்றிப் பேச வேண்டிய ஆங்கிலம் அவர் வாயில் ஏற்கெனவே இருந்தது. பட்டறையில் தினமும் புழங்கும் சொற்கள். அவற்றை வாக்கியத்தில் உட்கார வைப்பது மட்டுமே என் வேலை.

அன்றிலிருந்து வகுப்பு மாறியது. எலிசபெத் தன் வீட்டு ஒயரிங்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். சுவரில் ஓதம் ஏறியிருந்தால் டேம்ப், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்றால் ஷேர்டு வால், கூரை ஒழுகினால் லீக்கி ரூஃப் என்று தேவைப்பட்ட சொற்களை மட்டும் சேர்த்தோம். என் பழைய லிஸ்டில் பிழைத்தவை சில. ஸ்பேஷியஸ் பிழைத்தது, முன்னால் ஒரு ‘நாட் வெரி’ போட்டுக்கொண்டு.

ஆனால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் பின்வாங்கினார். "மேடம், அந்த பழைய ஃபயர்பிளேஸ் ஊட்டையே சொல்லிட்டுமா? இத்த சொன்னா நம்மள கேவலமா நெனச்சிக்கினா இன்னா பண்றது?"

"ஒரு மெஷின் பழுதானா மறைப்பீங்களா அண்ணா?"

"எதுக்கு மறைக்கணும்? சரி பண்ணிட்டு லாக்-புக்ல எழுதுவோம்."

"யார் சரி பண்ணதுன்னு?"

"எம் பேருதான் எழுதுவேன்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "அது கரீட்டு மேடம். ரெண்டு தபாவும் நானேதான் பண்ணேன். கொத்தனாருகூட வெக்கல." அதன் பிறகு ஃபயர்பிளேஸ் பேச்சை அவர் எடுக்கவில்லை.

நடுவில் நிறுத்திவிட்டார்கள்

தேர்வு நாளன்று மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"பேஜாராப் பூட்ச்சி மேடம். ஊட்டுல எத்த மாத்தணும்னு ஆசன்னு கேள்வி அட்டை வந்துச்சி. நல்லாத்தான் ஆரம்பிச்சேன். நடுவுல நிறுத்திட்டாங்க."

"எந்த இடத்துல?"

"ஃபேன கழட்டி வால்ல மாட்டிட்டேன். கதவ கட் பண்றதுக்குள்ள ‘தேங்க் யூ’ன்னுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணா, அந்த அட்டைக்கு ரெண்டு நிமிஷம்தான். அதுக்கு மேல பேசினா எல்லாரையும் நிறுத்துவாங்க. ஒத்திகையில நீங்க நாற்பது செகண்ட்ல நின்னுட்டீங்க."

"அப்போ இது ஃபெயில் இல்லியா?"

"இல்லண்ணா. அப்புறம் ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மறுபடியும் தண்ணி வந்தா மூணாவது தபா ஃப்ளோர ரெய்ஸ் பண்ணுவியான்னாங்க. ‘நோ மேடம், தேர்ட் டைம் வீ வில் க்ரால்’னேன். அவங்களுக்கு ஒரே சிரிப்பு."

தவழ்ந்துதான் போக வேண்டும் என்ற அந்தப் பதில் என் நாற்பது சொற்களில் எங்கும் இல்லை.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மாஸ்டர் சாம்பிள் பீஸுக்குச் சரி, மனிதர்களின் பதிலுக்கு ஆகாது. ஒருவர் தன் கையால் செய்ததைப் பற்றிப் பேசச் சொன்னால், சொற்கள் பின்னால் வந்து சேர்ந்துகொள்கின்றன.

இப்போதைய நிலை இது. ஆறு பேரில் ஐந்து பேர் தேறிவிட்டார்கள். எலிசபெத்துக்கு அரை மதிப்பெண் குறைந்துவிட்டது. கடைசி நேரத்தில் ஆசைப்பட்டு அந்தப் பழைய பால்கனியை ஒரு வரி சேர்த்துவிட்டாளாம். அடுத்த பேட்ச்சோடு போவதற்காக அடுத்த மாதம் மறுபடி தேர்வுக்குப் போகிறாள். என் நாற்பது சொல் லிஸ்ட், ரிஜெக்ட் ஆன பீஸைப் போடும் சிவப்புத் தொட்டியில் கிடக்கிறது. தேசப்பன் அண்ணனுக்குத் தேவையான மதிப்பெண் வந்தது. விசாவுக்குக் காகிதங்கள் போய்விட்டன. அவர் வீட்டுக்குள் போக இன்னும் குனியத்தான் வேண்டும்.