தொட்டியில் மீன்

புழக்கடைத் தொட்டியைத் தேய்க்கலாம் என்று துடைப்பத்தோடு குனிந்தேன். வெயில் படும் பக்கமெல்லாம் பாசி. அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

இதே ஆரணியில், நான் பிறந்த வீட்டில், அப்பாவும் சித்தப்பாவும் பட்டு நெய்வார்கள். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அமாவாசையன்று மட்டும் தறிக்கு ஓய்வு. அப்படி ஓர் அமாவாசை மதியத்தில்தான் புழக்கடையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. சிரிப்பதும் சலித்துக்கொள்வதுமாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

“யார்கிட்ட பேசிகினு கீற?” அப்பா உள்ளிருந்தே கத்தினார்.

“தொட்டியில மீன் கீதுங்க. அதுங்கிட்டதான்.”

மீன் பார்க்க ஓடினேன். ஒன்றுகூட இல்லை. பாசிதான் இருந்தது, அதன்மேல் பொடிப்பொடியாகக் குமிழிகள் மினுங்கின. சொல்லாதே என்பதுபோல் அம்மா என் வாய்மேல் விரலை வைத்தாள்.

வெயிலைத் தின்று பாசி வெளிவிடும் காற்றுதான் அந்தக் குமிழி, நாம் இழுக்கும் உயிர்க்காற்றில் ஏறக்குறையப் பாதி அப்படித் தண்ணீரில் பிறந்ததுதான் என்று பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

இன்று என் வீட்டில் தறியும் இல்லை, பேச ஆளும் இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துக் கைப்பேசி அடித்தது. வந்தவாசியில் வாழ்க்கைப்பட்ட என் மகள். பேச்சை நிறுத்தாமலே எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

“யாரும்மா வந்துகிறாங்க? பேசிகினு இருந்தியே?”

“யாருமில்லடி. தொட்டியில மீன் கீது.”