கழற்றாத வளையல்

எனக்கு நாற்பத்து நான்கு வயது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். போன ஆடிப்பூரத்தன்று, செஞ்சியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் வரிசையில் நின்றிருந்தேன். அம்மனுக்குச் சாத்திய வளையலை அங்கே கர்ப்பிணிகளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள்.

முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் வயிற்றைப் பார்த்தார். "மாசமா இருக்கற பொண்ணு நிக்குது, வழி வுடுங்க!" என்று முன்னால் இழுத்துப்போய், தன் கையாலேயே எனக்குக் கண்ணாடி வளையல்களைப் போட்டுவிட்டார். அத்தனை பேர் எதிரில், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் சொன்னதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கழட்டிப் போடு, மானம் போவுது."

"அந்தம்மா ஆசையா போட்டது. வயித்த வேணா கொறைக்கறேன், வளையல கழட்ட மாட்டேன்."

மறுநாளே சோற்றைப் பாதியாக்கினேன். கீரை, முட்டை, சுண்டலைக் கூட்டினேன். சாயங்கால போண்டாவை விட்டேன். ஆண்கள் மட்டுமே போகிற ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன். "நடந்தா போதாதா? பொம்பளைக்கு இன்னாத்துக்கு இரும்பு?" என்று கேட்காத ஆளில்லை. வளையல்மேல் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு தூக்கினேன்.

வயிறு குறைந்தது, முழுசாகப் போய்விடவில்லை. அதைப் பற்றி எனக்கு இப்போது வெட்கமும் இல்லை.

இந்த ஆடிப்பூரத்தில் என்னை யாரும் முன்னால் அழைக்கவில்லை. கடைசியாகப் போய்க் கையை நீட்டினேன்.

"பொண்ணுக்காம்மா?" என்றார் பூசாரி.

"எனக்குத்தான். போன வருசத்து வளையல் இரும்பு தூக்கியே ஒடஞ்சிபோச்சி."