தளபதியின் பீரங்கிகள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போர்கள் தையல்காரரின் வெட்டுமேசை மேல் நடந்தன. கடைக்கு அன்று விடுமுறை, வரைபடத்தை விரிக்க அவ்வளவு நீளமான மேசை வேறு யாரிடமும் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய ஒரு கடற்போரைப் பகடை உருட்டி ஆடுவோம். விதிப்புத்தகமும் தீர்ப்பும் என் பொறுப்பு. கப்பல்கள் எப்போதும் குழாய் வேலைக்காரருக்குத்தான். பித்தளைக் குழாய்த் துண்டுகளை அறுத்து, புகைபோக்கி பற்றவைத்து, அவற்றைச் செய்தவரே அவர். அதனால் அவருக்குத் தளபதி என்று பெயர்.

தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு சொட்டுக் கசிவுக்குக் கூப்பிட்டால் சுவர் முழுவதையும் பெயர்த்துவிடுவார். கசிவு நிற்கும், குளியலறைதான் நிற்காது. சொந்த வீட்டுச் சமையலறையில் அவர் திறந்த ஓட்டை வழியாக அவர் மனைவி பக்கத்து வீட்டாரிடம் தேங்காய்த் துருவியே இரவல் வாங்கியிருக்கிறார்.

ஆட்டத்திலும் அதே கைதான். நகராமல் நிற்கும் கப்பல் கரையைச் சுடலாம். ஆனால் குண்டு விழுந்த இடம் இடிபாடாகிவிடும், இடிபாட்டுக்குள் பதுங்கிய எதிரியைக் கிளப்புவது முன்னைவிடக் கடினம். அளவாகச் சுட்டுவிட்டுப் படையை இறக்குவதே புத்திசாலித்தனம். தளபதியோ கண்ணில் பட்ட கோட்டையை எல்லாம் தரைமட்டமாக்குவார். பிறகு அவர் படை கல்குவியலில் ஏறி அடி வாங்கும். கரைப்படையை ஆடுபவர் அவர் மனைவியின் தம்பி, வங்கிக் குமாஸ்தா. தன் கோட்டைகளை அத்தானே இடித்துப் பலப்படுத்தித் தருவதை அவர் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

சுலபமாக ஜெயித்து ஜெயித்து மச்சினருக்கே அலுத்துப்போனது.

"அத்தான், இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா இனிமே கப்பல் என் பக்கம். சரியா?"

தளபதி ஒரு கப்பலை எடுத்துத் துடைத்தார், வைத்தார், சரி என்றார். பந்தயத்தைக் கேள்விப்பட்டு அவர் மனைவியும் வந்து தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துகொண்டார்.

அன்று தளபதி வேறு மனிதராக இருந்தார். ஓரத்துக் கோட்டைகள் இரண்டை மட்டும் சுட்டார். பெரிய துறைமுகத்தைத் தொடவே இல்லை. முழுசாக நிற்கிறதே, அடிக்கவில்லையா என்று மச்சினர் உசுப்பிப் பார்த்தார். தளபதி கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். படை இறங்கியது, துறைமுகம் விழுந்தது. அவருடைய முறை முடியும்வரை படை அங்கே இருந்தால் வெற்றி. சுடும் கட்டம் மட்டும் பாக்கி. சுடவில்லை என்று சொன்னால் போதும்.

அவர் சொல்லவில்லை.

"சார், துறைமுகத்துக்குள்ள அந்தக் காவல் கோபுரம்?" என்று என்னைக் கேட்டார்.

"காலி. ஆள் யாரும் இல்லை."

"காலிதான். ஆனா நிக்குதே."

"விட்டுடுங்க," என்றார் மனைவி. "உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

பகடை உருண்டது. வாழ்நாளில் அவருக்கு விழாத ஆறு அன்று விழுந்தது. தன் படை நிற்கும் இடத்தைச் சுட்டால் குண்டு முதலில் அதன்மேல்தான் விழும். விதியை இருமுறை வாசித்துக் காட்டினேன். துறைமுகத்தில் யாரும் மிஞ்சவில்லை. தோல்வி என்று தீர்ப்பளித்தேன்.

"கோபுரம் விழுந்துச்சா?" என்று கேட்டார்.

விழுந்தது என்றேன். திருப்தியாகத் தலையசைத்தார். அப்புறம்தான் அவருக்குக் கப்பல்களின் ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி மச்சினரிடம் நீட்டியபோது முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"நான் யாரோட குடும்பம் நடத்தறேன்னு இப்பவாவது புரிஞ்சுதாடா?" என்றார் அக்கா தம்பியிடம்.

அடுத்த ஞாயிறு தளபதி கரைப்பக்கம் உட்கார்ந்தார். கப்பல்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விதிப்புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி வெகுநேரம் புரட்டியவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"கரைப்படை தன் துறைமுகத்தத் தானே இடிச்சுக்கலாமா சார்?"

எதிரி கைக்குப் போகாமலிருக்க இடிக்கலாம், இடித்தால் அங்கே படை இறங்க முடியாது என்றேன். எத்தனை துறைமுகம் என்று கேட்டார். புத்தகத்தில் கணக்கு ஏதும் சொல்லப்படவில்லை.

"அத்தான், நான் இறங்க ஒரு இடமாவது விடுங்க," என்றார் மச்சினர்.

மாலைவரை பித்தளைக் கப்பல்கள் இறங்க இடமில்லாமல் கடலிலேயே சுற்றின. கரைப்படைக்கு வெற்றி என்று எழுதினேன். கரை என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே குறித்துவைத்தேன்.